டிக்கெட்டுக்குள்ளே வருகிற டாக்டர்

கப்பல் டிக்கெட் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு, எப்போது என்று கேட்டுவிட்டு மடியிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும். நான் சொல்லப் போகிற அம்மா வந்த முதல் நாள் பணத்தைத் தொடவே இல்லை. இரண்டு முழங்கைகளையும் பலகைமேல் ஊன்றிக்கொண்டு, "தம்பி, தண்ணி டிக்கெட்டுக்குள்ள வருதா, வெளிய வருதா?" என்று கேட்டார்.

"உள்ளதான்மா."

"சுடுதண்ணி?"

எனக்குத் தெரியவில்லை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நூற்றுக்கணக்கானவர்களை அனுப்பிவைத்த நான், துறைமுகத்துச் சங்கிலியைத் தாண்டிக் கப்பலில் கால் வைத்தவன் இல்லை. எழுந்து உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுக்கொண்டு வந்தேன். சுடுதண்ணீர் உள்ளே. பாய் வெளியே. கான்வாஸ் நாற்காலி வெளியே. காலை டீ உள்ளே, பதினோரு மணி டீ வெளியே. குளிக்கிற சோப்பு வெளியே. வாந்தி எடுத்தால் எலுமிச்சம்பழம்? அந்தக் கேள்விக்கு மேனேஜரே எழுந்து வந்துவிட்டார். அதற்குள் அந்த அம்மாவுக்குப் பின்னால் வரிசை வாசற்படி வரை போயிருந்தது.

"இந்த அம்மா டிக்கெட் வாங்க வந்தாங்களா, கப்பலையே வாங்க வந்தாங்களா?" என்றார் மேனேஜர்.

"கப்பலு எனக்கு எதுக்கு சார்? ஏழு நாளிக்கு மேல தேவப்படாது" என்றார் இவர், சிரிக்காமல்.

வரிசை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மேனேஜர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கடைசியாக அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "ஒடம்புக்கு இன்னானா வந்திச்சுன்னா?" என்றார்.

"டாக்டர் இருக்கார்மா. மருந்தும் டிக்கெட்டுக்குள்ளதான் வருது. தனியா ஒண்ணும் தர வேண்டாம்."

இதை மட்டும் மேனேஜரைக் கேட்காமல் நானே சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தார். டாக்டர் விஷயத்தை அவருக்கு முதலில் சொன்னவன் நான்தான் என்பதை இங்கேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். மூன்று முறை என் கையால் டிக்கெட்டில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் ஆவடிப் பக்கம்தான் இருக்கிறார்கள், அவர்கள் இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பருத்திப்பட்டில் ஏரிக்கரையை ஒட்டி அவர் வீடு. நான் இருந்ததும் ஆவடியில்தான் என்பது அன்றைக்கு டிக்கெட் எழுதும்போது தெரிந்தது. அதன் பிறகு அவர் என்னைத் தம்பி என்பதிலிருந்து சில நேரம் நைனா என்பதற்கு மாறினார், நான் அம்மாவிலிருந்து அக்காவுக்கு மாறினேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் கேன்டீனில் காய் நறுக்கினார். கணவர் பினாங்கில் ஒரு மாவு மில்லில் இருந்தார். அங்கேயே போய்த் தங்க இவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று சட்டம். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கணவர் பணம் அனுப்பியதும், ஏழு நாள் கடலில் போய் அவரைப் பார்த்துவிட்டு ஏழு நாள் கடலில் திரும்பி வருவார்.

கஞ்சத்தனம் என்று யாராவது அவரைப் பற்றிச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். கஞ்சர்கள் செலவழிக்க மாட்டார்கள். இவர் செலவழிப்பார், ஆனால் கொடுத்ததற்கு வர வேண்டியது முழுக்க வந்து சேர வேண்டும், அதில் ஒரு துளி குறைந்தாலும் தூக்கம் வராது. ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர் வரை ரயிலில் போய் இறங்கி, பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். "ஞாயித்துக்கெயமிக்கும் சேத்துதானே துட்டு வாங்கிகீறான்" என்பார்.

கப்பலில் அவர் என்னென்ன செய்தார் என்பதையெல்லாம் ஆவடி பிளாட்பாரத்தில்தான் கேட்டேன். காலையில் நான் ஆபீசுக்கும் அவர் வேலைக்கும் ஒரே வண்டியில் போவோம். அவர் போனது டெக் டிக்கெட்டில். அறை கிடையாது, படுக்கை கிடையாது, மேல்தளத்தில் பாயை விரித்த இடம்தான் உங்கள் இடம். எல்லோருக்கும் ஒரே விலை. ஆனால் எல்லா இடமும் ஒரே இடமா? இஞ்சின் சூடு வருகிற இடம் இருக்கிறது, கக்கூசுக்குப் பக்கத்து இடம் இருக்கிறது, சமையற்கட்டுப் புகை வருகிற இடம் இருக்கிறது. அவர் முதல் பயணத்திலேயே தளம் முழுக்க நடந்து பார்த்துவிட்டார்.

"வைகாசில போனா வலது கை பக்கம் பாய் போடணும் தம்பி. மார்கயில போனா இடது கை பக்கம். சூரியன் அப்பதான் மூஞ்சில அடிக்காது. திரும்பி வரசொல்லோ அப்டியே மாத்திக்கணும். இத்த உங்க ஆபீசுல எவனும் சொல்ல மாட்டான்."

எங்கள் ஆபீசில் எவனுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. நான் அதை ஒரு சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மேலே கேபினில் போகிறவர்களைப் பார்த்து அவருக்குப் பொறாமை இல்லை, பரிதாபம்தான். "நம்மளவிட நாலு மடங்கு குடுத்துட்டு ரூம்புக்குள்ள அடச்சிகினு கீறாங்க. அவங்களுக்கு மட்டும் பினாங்கு முன்னாடியே வந்துடுதா இன்னா?"

வாந்தி எடுக்கிறவர்களுக்குச் சோற்றுக்குப் பதில் கஞ்சியும் ஊறுகாயும் கேட்டால் கிடைக்கும் என்பதை அவர் கண்டுபிடித்தது இரண்டாவது நாளாம். அந்தக் கப்பல் சோறு வேகாத சோறு, கஞ்சியோ நன்றாகக் குழைந்து இருந்தது. அவ்வளவுதான். மூன்றாம் நாள் மதியம் மணி அடித்தபோது வலது கைப் பக்கம் முழுக்க, கிட்டத்தட்ட நாற்பது பேர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்கள். பண்டாரி, அதாவது கப்பல் சமையற்காரர், கரண்டியோடு வந்து நின்று பார்த்தார். கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றிய தண்ணீராக அசையாமல் கிடந்ததாம்.

"அந்தாளு எங்கள பாத்தான், கடல பாத்தான், போய்ட்டான். கஞ்சி வந்துச்சு" என்றார். ரயில் வந்து நின்றதும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் போனோம், இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது.

ஆனால் அவர் மனதில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக நின்றது டாக்டர்தான். ஒரு ஆடி மாதம் கடைவாய்ப் பல் வலி ஆரம்பித்தது. கப்பல் தை மாதம். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, கன்னம் வீங்கி, கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினார். தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ளக் கூடாதா என்று நானே கேட்டிருக்கிறேன். அவருக்கு அது ஒத்துவராது.

"சும்மா பாக்கறவன் இன்னாத்த பாப்பான்? வரிசைல நிக்கறது ஒரு நாளு, வாசல்ல கீறவனுக்கு டீக்குத் துட்டு, உள்ள போனா நிமிந்துகூட பாக்க மாட்டான். அங்க நான் யாரு? கப்பல்ல நான் டிக்கெட் வாங்கிகீறேன் நைனா. அந்த டாக்டரு எனக்கு வேல செய்ய வந்தவரு."

தை மாதம் போனார். திரும்பி வந்து வாயைத் திறந்து காட்டினார். இரண்டு பல் இல்லை.

"இன்னாக்கா, ரெண்டு போயிருக்கு?"

"ஒண்ணு வலிச்சுது. பக்கத்துல கீறது எப்பிடியும் வலிக்கப் போவுது. அடுத்த கப்பல் வரிக்கும் யாரு பொறுக்கறது? அதையும் எடுத்துடு சாமின்னேன்."

நான் இதை ஆபீசில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லிச் சொல்லி அது ஒரு வியாபாரப் பேச்சாகவே ஆகிவிட்டது. டெக் டிக்கெட் வாங்கத் தயங்குகிறவர்களிடம், டாக்டர் உள்ளே வருகிறார், எங்கள் ஊர் அக்கா ஒருவர் ஒரே பயணத்தில் இரண்டு பல் பிடுங்கிக்கொண்டு வந்தார் என்பேன். சிரித்துவிட்டு வாங்குவார்கள். எனக்கு மாதச் சம்பளம் போக, நான் பிடித்துவருகிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சிறிது கமிஷன் உண்டு. பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்திலிருந்து கப்பலேறுகிறவர்களையெல்லாம் அவர்தான் என்னிடம் அனுப்பினார். "அந்தத் தம்பியாண்ட போ, ஒண்ணும் மறைக்காது" என்று சொல்லி அனுப்புவார் என வந்தவர்களே சொல்வார்கள். அதைக் கேட்க எனக்கு இனிக்கும்.

மூன்றாவது பயணம் எழுபதாம் வருஷத்தையொட்டி. இந்த முறை அவர் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். தம்மோடு ஏழு டிக்கெட். அதில் முத்தாபுதுப்பேட்டைக்காரர் ஒருவர், சிங்கப்பூரில் அண்ணனைப் பார்க்கப் போகிறவர், கொஞ்சம் முன்கோபி. மற்றவர்கள் எல்லோரும் பெண்கள். நான் அந்தச் சமயம் ஒரு புது சைக்கிளுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏழு டிக்கெட் கமிஷன் வந்தால் வாங்கிவிடலாம். கமிஷன் கப்பல் புறப்பட்ட பிறகுதான் கைக்கு வரும்.

டிக்கெட் எழுதின இரண்டு வாரத்தில் அவருக்கு இடது கண்ணில் வலி வந்தது. முதலில் தலைவலி என்றுதான் சொன்னார். பிறகு கண் சிவந்தது. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஆபீசுக்குத் தந்தி வந்தது. கப்பல் வேறொரு துறைமுகத்தில் பழுதுபார்க்க நிற்கிறது, ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஆகும், கூடவும் ஆகலாம். மேனேஜர் குமாஸ்தாக்கள் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அதே மாதம் இன்னொரு கம்பெனிக் கப்பல் பினாங்குக்குப் போக இருந்தது, அதில் இடமும் இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் எல்லோரும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். அந்தக் கப்பல் கிளம்பும் வரை வாயைத் திறக்காதீர்கள், பிறகு முறைப்படி நோட்டீஸ் ஒட்டலாம் என்றார். நாங்கள் தலையாட்டினோம். எனக்கு அப்போது அவருடைய கண் ஞாபகத்துக்கு வந்ததா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வரவில்லை. சைக்கிள்தான் வந்தது.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். கட்டை அவிழ்த்திருந்தார். கண் ரத்தமாக இருந்தது, கருவிழி மங்கிப் புகை படிந்த மாதிரி தெரிந்தது.

"ராவெல்லாம் வாந்தி தம்பி. மண்ட பொளக்குது. வெளக்க பாத்தா அத்த சுத்தி கலர் கலரா வட்டம் வட்டமா தெரியுது. எம்மொவ கண்ணாசுபத்திரிக்குப் போலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறா." என்னருகே வந்து, "இன்னா பண்ணட்டும்? நீ சொல்லு. கப்பலு பத்து நாள்ல வந்துடுமில்ல?" என்றார்.

ரயில் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நான் சொன்னேன். "பத்து நாள்தானக்கா. டாக்டர் பாத்துடுவார்."

பேசாமல் இருந்திருந்தாலாவது மேனேஜர் மேல் பழியைப் போடலாம். நான் பேசாமல் இருக்கவில்லை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். நிஜத்தைச் சொல்லியிருந்தால் மகள் சொல்வதைக் கேட்டு அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இல்லையென்றால் அந்த இன்னொரு கப்பலுக்கு மாறியிருப்பார், அதிலும் டாக்டர் இருந்தார். இரண்டு கதவையும் அந்த ஒரு வார்த்தையில் சாத்தியவன் நான்.

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அத்தத்தான் நானும் சொன்னேன் அவளாண்ட. பத்து நாளு கண்ண மூடிகினு இருந்தா போவுது" என்று முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினார்.

எட்டு நாள் கழித்து நோட்டீஸ் ஒட்டினோம். மறுநாள் பருத்திப்பட்டுக்கு நடந்து போய் நானே சொன்னேன். கப்பல் தள்ளிப் போகிறது, இன்னும் பதினைந்து இருபது நாள் ஆகும் என்றேன். அதுவும் பொய்தான், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். பெரிதாகச் சொன்னால் ஏழு பேரும் பணத்தைக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். அவர் மகள் அடுப்படியிலிருந்து வந்து, "அப்பிடின்னா நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போலாம்மா" என்றாள். அவளுக்கு அப்போது இருபது வயதிருக்கும். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஆமாம், போய்விடுங்கள் அக்கா என்று சொல்ல அந்த இடத்தில் என்ன தடை இருந்தது? சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் அப்படிச் சொன்னால், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று தோன்றியது.

"இத்தினி நாளு பொறுத்தாச்சு. வலி இப்ப கொறஞ்சிதான் கீது" என்றார் அவர்.

வலி குறைந்தது கண் செத்துக்கொண்டிருந்ததால் என்று பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார்.

கப்பல் வந்தது தந்தி வந்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து. துறைமுகத்தில் விடியற்காலையிலேயே முதல் ஆளாக வரிசையில் நின்றார். பின்னால் அவர் சேர்த்த ஆறு பேர். ஒரு கண்ணில் வெள்ளைத் துணி. பழைய சேலைகளை முன்கூட்டியே சுருட்டிக் கையில் வைத்திருந்தார், ஓடிப்போய் இடம் பிடித்து விரிப்பதற்கு. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, "இடது கை பக்கம்!" என்று கத்தினார். நானும் கையை உயர்த்தினேன்.

அந்த வாரக் கடைசியில் சைக்கிள் வாங்கினேன்.

திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பிளாட்பாரத்தில் என்னை அவர் பார்க்கவில்லை, இடது பக்கமாக வந்துவிட்டேன். அக்கா என்று கூப்பிட்டதும் முகம் மட்டுமில்லாமல் உடம்பே திரும்பியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"போச்சு நைனா இது" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "கப்பல் டாக்டரு நல்ல மனுசன். ஒரு மணி நேரம் பாத்தாரு. லைட்டு அடிச்சு அடிச்சுப் பாத்தாரு. ரெண்டு மாசம் முன்னாடி யாராண்டயாவது காட்டிகீறியான்னாரு. இல்ல சாமி, உங்களுக்குன்னுதான் வெச்சிகினு இருந்தேன்னு சொன்னேன். அந்தாளு மூஞ்சிய திருப்பிகினாரு, பாவம்."

பினாங்கு ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டரே கடிதம் கொடுத்தாராம். அங்கே வலது கண்ணுக்கு ஏதோ செய்து அதையாவது காப்பாற்றிவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்கும் தனியாகப் பணம் கேட்கவில்லை என்று அக்கா எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என் புது சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்து, "நல்லா கீது" என்றார்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நிறைய. பிடிவாதக்காரர், நான் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார். ஆறு மாதம் பல்வலியைப் பொறுத்தவர் இல்லையா? கண்நோய் முதலிலேயே முற்றியிருக்கலாம். வேலை போயிருந்தால் என் குடும்பம் என்ன ஆகும்? ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. அவர் என்னைத்தான் கேட்டார். மகள் சொன்னதை நம்பாமல், என்னைக் கேட்டார். நான் மறைக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த ஆள் அவர். நினைக்கும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பது சின்ன வார்த்தைதான், இதைவிடப் பெரிய வார்த்தை எனக்கு எழுத வரவில்லை.

கேன்டீனில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு விரலை நறுக்கிக்கொண்டாராம். ஒரு கண்ணால் கத்தி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிவதில்லை. அதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஏரிக்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது வாக்கியங்களைக்கூடச் சேர்த்துவைத்திருந்தேன்.

வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையில் துணிக்கட்டு. குந்து என்று பலகையைத் தள்ளிப் போட்டார். மகளை டீ போடச் சொன்னார். கேன்டீன்காரனைக் கொஞ்சம் திட்டினார், பினாங்கிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு கீரையைப் பார்த்தபடியே பேசினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நம்ம முத்தாபுதுப்பேட்ட அண்ணாத்தே கீறாரே, திரும்பி வரசொல்லோ கப்பல்ல இஞ்சின் ரூம் ஆளாண்ட பேச்சு குடுத்துகீறாரு. கப்பலு ரிப்பேருக்கு நின்னப்பவே உங்க ஆபீசுக்கெல்லாம் தந்தி பூட்ச்சாம். நோட்டீசு ஒட்னியே, அதுக்கு ரொம்ப முன்னாடியே. நாம டேசன்ல நின்னு பேசினு இருந்தமே, அதுக்கும் முந்தின நாளாம். அவரு ஒரே குதியா குதிக்கறாரு. உனுக்கு அப்பவே தெரியுமா?"

சேர்த்துவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு மறந்துபோகவில்லை. கதவுக்குப் பின்னால் அவர் மகள் டீ டம்ளரோடு நின்றுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"தெரியாதுக்கா" என்றேன். "மேனேஜருக்கு வந்திருக்கும். எங்களாண்ட சொல்லல."

எவ்வளவு சுலபமாக வந்தது! குரல் நடுங்கவில்லை. மேனேஜர் மேல் கொஞ்சம் கோபம்கூட அதில் இருந்தது.

"அத்தத்தான் நானும் அவராண்ட சொன்னேன்" என்றார். "தம்பிக்கு தெரிஞ்சிருந்தா சொல்லாம இருக்காது. எங்கண்ண பாத்துகினே எப்டி சொல்லாம இருக்கும்னு கேட்டேன். வாய மூடிகினாரு."

மகள் டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் குடித்தேன். சுட்டது, குடித்தேன். அவர் கீரையை முழுக்க ஆய்ந்து முடித்துக் காம்புகளை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினார். கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"அடுத்த கப்பலு எப்பன்னு இன்னும் சொல்லலியே நீ. வேலயும் போச்சு. ஒருவாட்டி பினாங்குக்குப் போய் எம்புருசன பாத்துட்டு வந்துடறேன்."

"மாசிக் கடைசிக்கா. இருபத்தி நாலாந்தேதி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நல்ல கண் என் பக்கம் வரும்படி முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தண்ணீரிலிருந்து எலுமிச்சம்பழம் வரை என்னிடம் எத்தனையோ கேட்டவர், இதை மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இது நெஜமான தேதிதானே நைனா?"

அது நிஜமான தேதிதான். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் சற்று முன்பு வந்த குரல் அப்போது வரவில்லை. "ஆமாக்கா" என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை.